அந்தக் குப்பியைத் திறப்பதற்கு முன்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 44 வயது, ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. பத்தரைக்குப் படுத்தால் உடனே தூங்கிவிடுவேன். ஆனால் மூன்று மணி வாக்கில் விழிப்பு வந்துவிடும், அப்புறம் விடியும்வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பேன். பகலில் எதிலும் மனம் ஒட்டவில்லை, ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வந்தது. மருத்துவரைப் பார்த்தேன். மனச்சோர்வு என்று சொல்லி எஸ்சிடலோபிராம் 10 மி.கி. கொடுத்தார். இரண்டு மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு வருகிறேன். அழுகை குறைந்திருக்கிறது, தூக்கம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஒற்றைத் தலைவலி வரும்போது சுமட்ரிப்டான் போடுவதுண்டு. என் நாத்தனார் ஆறு மாதமாக 5-எச்.டி.பி. என்ற கேப்ஸ்யூல் எடுக்கிறார். "இது விதையிலிருந்து எடுத்தது, மருந்தே கிடையாது. அந்த மாத்திரையை விட்டுவிட்டு இதைப் போடு" என்று 200 மி.கி. குப்பி ஒன்றை என்னிடமும் கொடுத்திருக்கிறார். இதற்கு மாறிவிடலாமா? முடியாதென்றால் இரண்டையும் சேர்த்தாவது எடுக்கலாமா? பழக்கமாகிவிடுமா? பெயர் வேண்டாம்.

பதில்:

வணக்கம் அம்மா. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு ஆறுதலாகப் படியுங்கள். இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள். எஸ்சிடலோபிராமை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். குப்பி மூடியபடியே இருக்கட்டும். ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் ஒன்றிரண்டு போட்டுப் பார்த்திருந்தால் மேற்கொண்டு போட வேண்டாம். அப்படிப் போட்ட ஒரு நாளைக்குள் கை நடுக்கம், காரணமில்லாத வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு, இருப்புக்கொள்ளாத தவிப்பு, கால்கள் தானாக வெட்டி வெட்டி இழுப்பது, காய்ச்சல் என்று ஏதாவது தலைகாட்டினால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கையோடு குப்பியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.

இனி விவரம். உங்கள் நாத்தனார் சொன்னதில் பாதி உண்மைதான். 5-எச்.டி.பி. ஒரு விதையிலிருந்து வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, ஐவரி கோஸ்ட் பக்கம் வளரும் கிரிஃபோனியா சிம்ப்ளிசிஃபோலியா என்ற கொடிபோன்ற புதரின் விதை அது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் கேப்ஸ்யூலுக்குள் அந்த விதை இல்லை. விதையைச் சாறெடுத்து, சுத்திகரித்து, கடைசியில் மிஞ்சும் ஒரே ஒரு வேதிப்பொருள்தான் இருக்கிறது. லேபிளைத் திருப்பிப் பாருங்கள், 98 சதவீதம் என்றோ 99 சதவீதம் என்றோ தூய்மை குறித்திருப்பார்கள். இதே மூலக்கூறு ஆக்சிட்ரிப்டான் என்ற மருந்துப் பெயரில் சில ஐரோப்பிய நாடுகளில் மருந்தாகவே விற்கப்பட்டது. ஆகவே "மருந்தே கிடையாது" என்ற பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த அலமாரியில் வைத்து விற்கிறார்கள் என்பது சட்டம் சார்ந்த விஷயம். உடம்புக்குள் போனபின் அது என்ன செய்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

என்ன செய்கிறது? நாம் சாப்பிடும் புரதத்தில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உடம்பு அதில் ஒரு பகுதியை முதலில் 5-எச்.டி.பி. ஆக்கி, பிறகு அதை, நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் ஆக்குகிறது. செரட்டோனினிலிருந்து, மூளையின் பினியல் சுரப்பியில், இரவு நேரத்தில், தூங்கும் நேரத்தை உடம்புக்கு உணர்த்தும் மெலட்டோனின் உருவாகிறது. மனநிலை, தூக்கம் இரண்டோடும் இந்தப் பொருளை முடிச்சுப் போட்டு விற்பது இந்தச் சங்கிலியை வைத்துத்தான்.

சங்கிலியின் முதல் கண்ணியில்தான் கட்டுப்பாடு இருக்கிறது. டிரிப்டோபேனை 5-எச்.டி.பி. ஆக்கும் நொதி ஏரிக்கு மதகு மாதிரி. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மதகு விடுகிற அளவுதான் வாய்க்காலுக்குப் போகும். உணவில் புரதம் கூடினாலும் மூளையில் செரட்டோனின் தாறுமாறாக ஏறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 5-எச்.டி.பி.யை விழுங்குவது மதகைத் தாண்டி நேராக வாய்க்காலிலேயே தண்ணீரைக் கொட்டுவது. அடுத்த கண்ணியில் இருக்கும் நொதிக்கு அப்படிப்பட்ட கட்டுப்பாடு எதுவும் கிடையாது. வருவதையெல்லாம் செரட்டோனினாக மாற்றித் தள்ளிவிடும். அந்த நொதி மூளையில் மட்டும் இல்லை. குடலில், கல்லீரலில், சிறுநீரகத்தில் எல்லாம் இருக்கிறது.

முதல் தொல்லை இங்கே தொடங்குகிறது. உடம்பில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் செரட்டோனின் மூளைக்குள் நுழைய முடியாது, 5-எச்.டி.பி.யால் நுழைய முடியும். ஆனால் விழுங்கியதில் கணிசமான பங்கு மூளையை எட்டுவதற்கு முன்பே வழியில் செரட்டோனினாக மாறிவிடுகிறது. அதனால்தான் இதை எடுப்பவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான், செரட்டோனின் வந்து ஒட்டும் ஒரு வகை ஏற்பியை அடைத்துத்தான் வேலை செய்கிறது என்றால், குடலுக்கும் செரட்டோனினுக்கும் உள்ள நெருக்கம் புரியும். பழைய மருத்துவ ஆய்வுகளில் இந்த வழிச்செலவைக் குறைக்க கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். குப்பியில் விற்பவர்கள் அதைச் சேர்ப்பதில்லை, சேர்க்கவும் கூடாது. எனவே அந்த ஆய்வுகளின் பலனை அப்படியே குப்பிக்குச் சூட்டிவிட முடியாது.

சரி, பலன் இருக்கிறதா? ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதற்கும் ஆதாரம் வேண்டும். மனச்சோர்வுக்கு டிரிப்டோபேனும் 5-எச்.டி.பி.யும் உதவுமா என்று காக்ரேன் அமைப்பு 2002-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. 108 ஆய்வுகள் கிடைத்தன. சரியான முறையில் நடத்தப்பட்டவை என்று தேறியவை இரண்டே இரண்டு, அவற்றில் இருந்தவர்கள் மொத்தம் 64 பேர். அந்த இரண்டிலும் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட இவை மேலாகத்தான் தெரிந்தன. ஆனால் 64 பேரை வைத்து ஒரு சிகிச்சையைப் பரிந்துரைக்க யாருக்கும் துணிவு வராது. அவர்களும் அதைத்தான் எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் சிறிய ஆய்வுகளே. உங்களுக்குக் கொடுத்திருக்கும் எஸ்சிடலோபிராம் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதிக்கப்பட்டது. அதற்கும் குறைகள் உண்டு, ஆனால் அந்தக் குறைகள் என்னென்ன என்பது நமக்குத் தெரியும்.

செரட்டோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு வருகிறது, ஆகவே அதை ஏற்றினால் போய்விடும் என்று குப்பியோடு வரும் தாளில் எழுதியிருக்கலாம். இந்தக் கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். 2022-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, மனச்சோர்வுள்ளவர்களுக்கு செரட்டோனின் குறைவாக இருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று சொன்னபோது பெரிய விவாதமே கிளம்பியது. "அப்படியானால் மாத்திரையும் வேலை செய்யாதா?" என்று பலர் கேட்டார்கள். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதும், அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு நாம் சொல்லும் விளக்கம் சரியா என்பதும் தனித்தனிக் கேள்விகள். உங்களுக்கு அழுகை குறைந்திருக்கிறது என்பது முதல் கேள்விக்கான பதில். அதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

தூக்கத்துக்கு வருவோம். இங்கேதான் உங்கள் விஷயத்தில் இந்தக் கேப்ஸ்யூல் எனக்குப் பொருத்தமாகவே படவில்லை. உங்களுக்குத் தூங்கத் தொடங்குவதில் சிக்கல் இல்லை, படுத்தவுடன் தூங்கிவிடுகிறீர்கள். சிக்கல் மூன்று மணிக்கு. சாதாரண 5-எச்.டி.பி. கேப்ஸ்யூல் ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும், அதற்கப்புறம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறையும். பத்து மணிக்கு விழுங்கினால், நீங்கள் எப்படியும் அயர்ந்து தூங்கும் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குத்தான் அது கூடுதலாக இருக்கும். உங்களுக்கு விழிப்பு வரும் நேரத்தில் பெரும்பகுதி கரைந்து போயிருக்கும். மெதுவாக வெளியேறும் வகையில் இதைத் தயாரித்துப் பார்க்கும் முயற்சிகள் ஆய்வு அளவில் நடந்திருக்கின்றன என்றால், இந்த வேகம் ஒரு குறை என்று ஆய்வாளர்களே கருதினார்கள் என்று அர்த்தம். வயதானவர்களிடமும், தூக்கத்தில் அலறி எழும் குழந்தைகளிடமும் ஓரளவு பலன் தெரிந்ததாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. அவர்களுடைய பிரச்சினை உங்களுடையது இல்லை.

இப்போது சேர்த்து எடுப்பது பற்றி. நரம்புச் செல் ஒன்று செரட்டோனினை வெளியே விட்டபின் மீண்டும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். எஸ்சிடலோபிராம் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது, அதனால் வெளியே செரட்டோனின் கூடுதல் நேரம் தங்குகிறது. 5-எச்.டி.பி. உற்பத்தியையே கூட்டுகிறது. ஒன்று வெளியேறும் வழியை அடைக்கிறது, மற்றது வரத்தைப் பெருக்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் அளவு மீறும்போது வருவது செரட்டோனின் நச்சுநிலை. மேலே சொன்ன நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, தவிப்பு எல்லாம் அதன் அறிகுறிகள். முற்றிப்போனால் தசைகள் விறைத்து, காய்ச்சல் கடுமையாக ஏறி, வலிப்புகூட வரலாம். பெரும்பாலானவர்களுக்கு, அளவை மாற்றிய அல்லது புதிதாக ஒன்றைச் சேர்த்த ஒரு நாளைக்குள், பல சமயம் ஆறு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். பரிசோதிக்கும் மருத்துவர் கணுக்காலைச் சட்டென்று மேலே தள்ளிப் பிடித்து, பாதம் விட்டு விட்டுத் துடிக்கிறதா என்று பார்ப்பார். இந்த நிலையைக் கண்டுபிடிக்க அந்தத் துடிப்பு முக்கியமான தடயம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 5-எச்.டி.பி.யைத் தனியாக, சிறிய அளவில் எடுத்த மனிதர்களுக்குக் கடுமையான நச்சுநிலை வருவது அரிது. இரண்டையும் சேர்த்து எடுத்து, ஒன்றும் ஆகாமல் தப்பியவர்களும் இருப்பார்கள். ஆனால் யாருக்கு எந்த அளவில் எல்லை மீறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. உங்களுக்கு அதிகமாகக் கிடைக்கப்போவது என்ன என்று பார்த்தால், மூன்று மணி விழிப்புக்கு எட்டாத ஒரு கேப்ஸ்யூல். அதற்காக எடுக்கும் துணிச்சல் கணக்கில் ஒத்துவரவில்லை. இதில் உங்களுக்குச் சுமட்ரிப்டான் வேறு இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கான இந்த வகை மாத்திரையை எஸ்சிடலோபிராம் போன்றவற்றோடு எடுப்பது பற்றி 2006-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு என்று தெரிந்ததால், மருத்துவர் அறிந்து கொடுத்தால் இரண்டையும் தொடரலாம் என்பதே இன்றைய நடைமுறை. ஆகவே சுமட்ரிப்டானைக் கண்டு பதற வேண்டாம். மூன்றாவதாக ஒன்றை இந்த வரிசையில் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

அந்த வரிசையில் நிற்கும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இவற்றை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வறட்டு இருமலுக்கு வாங்கும் பல சிரப்புகளில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கிறது. வலிக்குக் கொடுக்கும் டிராமடால், சில தொற்றுகளுக்குக் கொடுக்கும் லினசோலிட், மனநிலைக்கு என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை எல்லாமே செரட்டோனினைத் தொடுபவை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் இன்னொரு வம்பையும் இழுக்கும். கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் போன்றவற்றின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். "இயற்கையானதுதானே" என்று ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் முன் இதையும் மனத்தில் வையுங்கள்.

மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு மாறுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எஸ்சிடலோபிராமைத் திடீரென்று நிறுத்தினால் பலருக்குத் தலைசுற்றல், எரிச்சல், விநோதமான கனவுகள், தலைக்குள் மின்சாரம் தொட்டதுபோன்ற சிலிர்ப்பு எல்லாம் வரும். வரும் தூக்கமும் கெடும். அந்த நாட்களில் "மாத்திரையை விட்டதும் நோய் திரும்பிவிட்டது" என்றோ, "புதிய கேப்ஸ்யூல் ஒத்துக்கொள்ளவில்லை" என்றோ நினைத்துக் குழம்புவீர்கள், எதனால் எது என்றே தெரியாது. தவிர, மாத்திரையை நிறுத்திய மறுநாளே அது உடம்பை விட்டுப் போய்விடாது. முழுக்க வெளியேற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ளூவாக்ஸெட்டினின் எச்சம் பல வாரம் தங்கும். "இன்றோடு அதை நிறுத்தி நாளையிலிருந்து இது" என்று மாறுகிறவர், தெரியாமலேயே இரண்டையும் சேர்த்து எடுக்கிறார்.

இன்னொரு விஷயத்தை நான் கேட்டே ஆக வேண்டும். உங்களுக்கோ, பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கோ எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவு மீறிய உற்சாகத்தோடு, அடங்காத பேச்சோடு, யோசிக்காமல் செலவு செய்த காலம் இருந்ததா? இருந்தால் அது இருமுனை மனநோயாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு செரட்டோனினைக் கூட்டும் எதுவும், மாத்திரையோ கேப்ஸ்யூலோ, அந்த உற்சாக நிலையைக் கிளப்பிவிடக் கூடும். உங்கள் மருத்துவர் ஏற்கெனவே கேட்டிருப்பார். கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமோ உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்போ வந்தால், அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடாமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுதக் கூச்சப்பட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

பழக்கமாகுமா என்றால், தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்கு இருப்பதுபோல "இன்னும் வேண்டும்" என்று அலைக்கழிக்கும் குணம் 5-எச்.டி.பி.க்குத் தெரியவந்ததில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கான நல்ல ஆய்வுகள் இல்லை. என் தயக்கம் அங்கேதான். ரத்தத்தில் செரட்டோனின் தொடர்ந்து மிகுந்திருந்தால் இதய வால்வுகள் தடிக்கும் என்பது, செரட்டோனினைச் சுரக்கும் சில கட்டிகள் உள்ளவர்களிடம் கண்டது. கேப்ஸ்யூல் எடுப்பவர்களுக்கு அப்படி ஆகிறது என்று யாரும் காட்டியதில்லை. ஆனாலும் ஒரு கேள்விக்குறி இருக்கும் பொருளைத் தினசரி வழக்கமாக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் தொடவே வேண்டாம்.

குப்பியில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பது தனிக் கவலை. பல நாடுகளில் இத்தகைய துணைப்பொருட்கள் சந்தைக்கு வருமுன் பலனையோ பாதுகாப்பையோ மருந்துகளைப் போல நிரூபிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டம் அப்படித்தான் வழிவிட்டது. இதே சங்கிலியில் கடைசியில் இருக்கும் மெலட்டோனினைப் பாருங்கள். கனடாவில் வாங்கிய 31 மெலட்டோனின் பொருட்களைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். லேபிளில் எழுதியதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. அவற்றில் எட்டில் செரட்டோனினே கலந்திருந்தது. இன்னும் பின்னே போனால், 1989-ல் அமெரிக்காவில் தூக்கத்துக்கும் மனநிலைக்கும் என்று டிரிப்டோபேன் எடுத்தவர்களுக்குக் கடுமையான தசைவலியும், ரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் மிகுவதும் கண்டார்கள். 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே உற்பத்தியாளரின் சரக்கில் இருந்த மாசோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. 5-எச்.டி.பி.யால் அந்த அளவில் எதுவும் நடந்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் வாங்குபவர்கள், சார்பில்லாத ஆய்வகம் ஒன்று சோதித்த முத்திரை இருக்கிறதா என்றாவது பார்க்க வேண்டும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் மூன்று மணி விழிப்புக்கு என்னதான் செய்வது? எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால் செய்யக்கூடியவை நிறைய.

நீங்கள் மாத்திரையை இரவில் போடுகிறீர்கள். எஸ்சிடலோபிராம் சிலருக்குத் தூக்கம் வரவைக்கும், வேறு சிலருக்குத் தூக்கத்தைக் கலைக்கும். கலைக்கிறவர்களுக்குக் காலையில் மாற்றிக் கொடுப்பது எங்கள் வழக்கம். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே உங்களுக்கு விழிப்பு இருந்ததால் இது மட்டுமே காரணமாக இருக்காது, ஆனால் மாற்றிப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. உங்கள் மருத்துவரிடம் இதை முதலில் கேளுங்கள். விடியலுக்கு வெகு முன்பே விழிப்பது மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று. அழுகை குறைந்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால் நோய் பாதிதான் தணிந்திருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டு மாதம் என்பது அளவைக் கூட்டுவதா, மாற்றுவதா என்று மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டிய கட்டம்.

உங்கள் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 44-ல் மாதவிடாய் ஒழுங்கு மாறத் தொடங்கியிருந்தால், நடு இரவில் உடம்பு திடீரென்று சூடாகி வியர்த்து விழிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். குறட்டை, காலையில் தலைபாரம் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடலாம். இரும்பு குறைந்தால் இரவில் கால்கள் குறுகுறுத்து, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். காபி, டீ பற்றி எழுதவில்லை. குடித்த காஃபினில் பாதி போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும், மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை இல்லை, சி.பி.டி.-ஐ என்கிற நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. பெயர் பெரிது, செய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். படுக்கையில் விழித்துக் கிடப்பதைக் குறைப்பதுதான் அதன் சாரம். மூன்று மணிக்கு விழித்து, இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராது என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், உத்தேசமாகப் போதும். மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து சுவாரசியமே இல்லாத எதையாவது செய்யுங்கள். விடைத்தாள் திருத்தினால் வேலை நினைவு வந்துவிடும், அது வேண்டாம். கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். எப்படித் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மாறக் கூடாது, விடுமுறை நாளிலும். பகல் தூக்கம் கிடையாது. கூடவே, நீங்கள் உண்மையில் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், எட்டு மணி நேரம் படுக்கையில் இருப்பதில் பலனில்லை. பத்தரைக்குப் பதில் பன்னிரண்டுக்குப் படுத்து, வழக்கமான நேரத்தில் எழுந்து, தூக்கம் இறுகியபின் வாரத்துக்குக் கால் மணி நேரமாக நீட்டிக்கொண்டு வர வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. முதல் இரண்டு வாரம் பகலில் கண்ணைச் சுழற்றும், வண்டி ஓட்டுவதில் கவனமாக இருங்கள். இருமுனை மனநோய் இருந்தாலோ வலிப்பு நோய் இருந்தாலோ இந்த நேரக் குறைப்பு கூடாது என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

நாத்தனாருக்கும் ஒரு வார்த்தை. அவர் வேறு மருந்து எதுவும் எடுக்காமல், 5-எச்.டி.பி. ஒத்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் கொடுத்திருக்கிறார். உங்கள் உடம்பில் இருக்கும் எஸ்சிடலோபிராம் அவர் உடம்பில் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். 200 மி.கி. என்பது தொடங்குகிறவர்களுக்குச் சொல்லும் 50, 100 மி.கி. அளவைவிட அதிகம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். அவருடைய குப்பியில் வைட்டமின் பி6 சேர்த்திருக்கிறார்களா, வேறு சத்து மாத்திரையிலும் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பி6 நீண்ட காலம் அதிக அளவில் போனால் கைகால் நரம்புகள் மரத்துப்போகும். எந்த மருத்துவரிடம் போனாலும் இதை எடுப்பதாகச் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை ஏதேனும் முடிவானால் மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் முன்னரே தெரிவித்து, எப்போது நிறுத்துவது என்று கேட்டு நிறுத்த வேண்டும். அப்போது கொடுக்கும் வலி மருந்துகளில் சில இதோடு ஒத்துவராது. செரட்டோனின் சிதைந்து உருவாகும் பொருளைச் சிறுநீரில் அளக்கும் 5-எச்.ஐ.ஏ.ஏ. என்ற பரிசோதனைக்கு எழுதினாலும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் செரட்டோனினைச் சுரக்கும் கட்டி இருக்கிறதோ என்று இல்லாத கட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் நாய் இருந்தால் இந்தக் குப்பியை அது எட்டாத இடத்தில் வையுங்கள். கேப்ஸ்யூலைக் கடித்துத் தின்று நச்சுநிலைக்கு ஆளான நாய்களைப் பற்றிக் கால்நடை மருத்துவ இதழில் கட்டுரையே வந்திருக்கிறது, அவற்றில் சில பிழைக்கவில்லை. உங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தபின், நாத்தனாரிடமே குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.